பெட்டிக்கு வெளியே போகும் பூனை: முதலில் எதில் காசைப் போடுவது?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை பக்கம் தொடர்மாடிகளில் பூனை வளர்ப்பவர்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் கூடிய இடமெல்லாம் அடிபடுகிற ஒரு கதை இது: நேற்று வரை மணல் பெட்டியில் மூத்திரம் போன பூனை இப்போது செற்றியில் போகிறது, கட்டிலில் போகிறது, தோய்க்கக் கழற்றிப் போட்ட உடுப்பில் போகிறது. யோசனைக்கும் குறைவில்லை. மணலை மாற்று என்பார் ஒருவர். விதையை எடுத்துவிடு என்பார் இன்னொருவர். வெளியில் விட்டுப் பழக்கு, தானாகச் சரிவரும் என்பார் மூன்றாமவர். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய பூனைக்குச் சரிவந்த வழியாகத்தான் இருக்கும். ஆனால் காரணம் தெரியாமல் ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பதற்குள் மெத்தையும் போய்விடும், பூனைக்கு அந்த இடமே பழக்கமாகியும் விடும்.

அதனால் காசைச் செலவழிக்க முன் ஈரத்தை வடிவாகப் பாருங்கள். சுவரிலோ கதவு நிலையிலோ திரைச்சீலையின் அடியிலோ கொஞ்சமாகத் தெறித்து வழிந்திருந்தால், பூனை தன் எல்லைக்குக் குறி வைத்திருக்கிறது. நின்றபடியே வாலை நிமிர்த்தி, வால் நுனி துடிதுடிக்கப் பின்பக்கமாகப் பீச்சும். தரையிலோ மெத்தையிலோ ஒரு பெரிய ஈரமாகக் கிடந்தால், குந்தியிருந்து வழமைபோலப் போயிருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, சில வேளை இளஞ்சிவப்பாக, குளியலறைக் கால்மிதியிலும் கைகழுவும் தொட்டியிலும் கிடந்தால், அதற்கு வருத்தம் இருக்கலாம். இந்த மூன்றுக்கும் வழி வேறு வேறு.

எங்கே போகிறது என்று தெரியாமல் வீடு முழுக்க மணந்தால், காசுத்தாளைச் சரிபார்க்கக் கடைகளில் வைத்திருப்பார்களே, அந்த ஊதா நிற டோர்ச் ஒன்றை வாங்குங்கள். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுத் தரையோரமாகப் பிடித்தால், காய்ந்த மூத்திரம் மங்கிய மஞ்சள் பச்சையாகத் தெரியும். செற்றியின் பின்பக்கம், அலுமாரிக்கும் சுவருக்கும் இடைப்பட்ட மூலை, கதவுக்குப் பின்னால் என்று நினைத்தே பார்க்காத இடங்கள் வெளிச்சத்துக்கு வரும்.

இனி வழிகளைப் பார்ப்போம். மிருக வைத்தியரிடம் போவதை எல்லோரும் கடைசியில் வைக்கிறார்கள். என் கணக்கில் அதுதான் முதலாவது. முக்கியமாகக் கடுவன் பூனை வைத்திருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்: பெட்டியில் போய்க் குந்தி முக்கி, ஒன்றும் வராமல் எழும்பி, திரும்பவும் போய்க் குந்தினால், அல்லது கத்திக்கொண்டு அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தால், அது மலச்சிக்கல் என்று எண்ணெய் பருக்கிக்கொண்டிருக்கிற நேரமல்ல. கடுவனின் மூத்திரக் குழாய் மிக ஒடுக்கமானது. சளியும் உப்புத் துகளும் சேர்ந்து அடைத்துவிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் செயலிழக்கும், இரண்டு மூன்று நாளுக்குள் உயிரே போகலாம். விடியட்டும் என்று இருக்காமல் அன்றிரவே ஓட்டோ பிடியுங்கள். நோவுக்கென்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் ஈரலால் அதை உடைக்க முடியாது. ஒரு குளிசையே கொல்லும்.

அவசரம் இல்லாவிட்டாலும் மூத்திரத்தை ஒருதரம் சோதிப்பது நல்லது. இரத்தம், சீனி, உப்புத் துகள், நீர்த்திருக்கிறதா செறிவாக இருக்கிறதா என்று ஒரே சோதனையில் நிறையத் தெரிந்துவிடும். நிறையத் தண்ணீர் குடித்து நிறையப் போகிற வயதான பூனைக்கு நீரிழிவோ சிறுநீரக வருத்தமோ இருக்கலாம்; அதற்கு எந்த மணலை மாற்றியும் பயனில்லை. வீட்டிலேயே மாதிரி எடுக்க விரும்பினால், பெட்டியைக் கழுவிக் காயவைத்து, மணலுக்குப் பதிலாக மீன்தொட்டிக்குப் போடும் சிறுகல்லைக் கழுவிப் போடுங்கள். கல் உறிஞ்சாது. ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, சுத்தமான போத்தலில் விட்டு, சில மணித்தியாலத்துக்குள் கொண்டுபோனால் போதும். இல்லாவிட்டால் வைத்தியரே சலப்பையிலிருந்து நேராக எடுப்பார். முடிவு அதில்தான் இன்னும் தெளிவாக இருக்கும்.

நேரே மருந்துக் கடைக்குப் போய் அன்டிபயோடிக் வாங்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பத்து வயதுக்குக் குறைந்த பூனைகளில் கிருமித் தொற்று அபூர்வம். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போகும் இளம் பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குச் சலப்பையில் கிருமியும் இல்லை, கல்லும் இல்லை. மனஅழுத்தத்தோடு சம்பந்தப்பட்ட அழற்சிதான். பெரும்பாலும் ஒரு கிழமை பத்து நாளில் தானாகவே தணியும், பிறகு திரும்ப வரும். மருந்து கொடுத்த நேரம் தணிந்ததால் மருந்துதான் மாற்றியது என்று நினைத்துவிடுகிறோம், அடுத்த முறையும் அதையே வாங்குகிறோம். நோவு அடங்கிய பிறகும் பெட்டியைக் கண்டாலே பூனைக்கு நோவு ஞாபகம் வருவதும் உண்டு. அப்போது மெத்தையையும் கால்மிதியையும் தேடிப் போகும்.

"அன்ரி, இது கோபத்தில வேணுமெண்டு செய்யுது" என்று எங்கள் மேல்மாடித் தங்கச்சி அடித்துச் சொன்னாள். ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்தவர்களின் சூட்கேஸைத் திறந்து வைக்க, உள்ளே மடித்திருந்த உடுப்பின் மேலேயே போய்விட்டது அவளுடைய பூனை. "கோபமில்லையம்மா, அதுக்குப் பயம்" என்றேன். தெரியாத வீட்டு மணம், தெரியாத ஆட்கள், இரவு முழுக்க விளக்கும் கதையும். பூனை தன் மணத்தை அந்தச் சூட்கேஸின் மேல் வைத்தால்தான் அதற்கு நிம்மதி. மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பது, அடிப்பது, குளியலறையில் பூட்டுவது எல்லாம் அந்தப் பயத்தைக் கூட்டும். அடுத்த முறை நீங்கள் பார்க்காத இடத்தில் போகும், அவ்வளவுதான்.

சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால், குந்தியிருந்து போகிற பூனைக்கு மிக மலிவான வழி பெட்டியைத் திருத்துவது. பலன் அதிகம் கிடைப்பதும் இங்கேதான். கொழும்புத் தொடர்மாடிகளில் நான் காணும் பெரிய பிழை, பெட்டியைப் பல்கனியில் வைப்பது. வீட்டுக்குள் மணக்கக்கூடாது என்ற நியாயம் விளங்குகிறது. ஆனால் மரைன் டிரைவ் பக்கம் பார்த்த பல்கனிகள் மேற்கு நோக்கியவை. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடல்பக்கமிருந்து மழைச்சாரலை உள்ளே அடிக்கும். மணல் நனைந்து களியாகிவிடும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி. பகலில் வெயில், இரவில் பக்கத்துக் கூரையில் ஊர்ப் பூனைகளின் சண்டை. பல்கனிக் கதவைக் காற்றுக்குச் சாத்திவிட்டு வேலைக்குப் போனால் பெட்டிக்கு வழியே இல்லை. பெட்டியை உள்ளே கொண்டுவந்து, ஆள் நடமாட்டம் குறைந்த, ஆனால் ஒதுக்குப்புறமாகிவிடாத ஒரு மூலையில் வைத்தாலே பல வீடுகளில் பிரச்சினை பாதியாகக் குறையும். உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒருநாள் பூனை உள்ளே இருக்கும்போது அது சுழலத் தொடங்கினால், பிறகு அந்தப் பக்கமே போகாது.

அளவும் முக்கியம். செல்லப்பிராணிக் கடைகளில் பூனைப் பெட்டி என்று விற்பவற்றில் பல, வளர்ந்த பூனைக்குச் சின்னவை. மூக்கிலிருந்து வாலடி வரை உள்ள நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது வேண்டும். உடுப்பு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி ஒரு பக்கத்தைத் தாழ வெட்டினால் அதைவிட நல்ல பெட்டி கிடையாது, விலையும் குறைவு. வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு வயதான பூனைகளுக்கு மூட்டு நோவு மிகச் சாதாரணம். வாசல் தாழ இருந்தால்தான் ஏறும். எண்ணிக்கைக்கு மிருக வைத்தியர்கள் சொல்லும் கணக்கு, பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட. இரண்டு பூனைக்கு மூன்று பெட்டி. இரண்டு அறை வீட்டில் அது கஷ்டம்தான். ஆனால் மூன்றையும் ஒரே மூலையில் அடுக்கினால் பூனைக்கு அது ஒரு பெட்டி மாதிரி. வழியில் படுத்திருக்கும் அடாவடிப் பூனை ஒன்றே மற்றதை மூன்றிலிருந்தும் மறித்துவிடும். இடமில்லாதவர்கள் இரண்டையாவது வெவ்வேறு அறையில் வையுங்கள்.

மணலைப் பற்றிப் பெரிய விவாதமே நடக்கும். 2022 இல் டொலர் ஏறியதிலிருந்து இறக்குமதி மணலின் விலையும் ஏறிவிட்டதால் மாற்று வழி தேடுவது நியாயம். பெரும்பாலான பூனைகள் விரும்புவது வாசனை சேர்க்காத, நுண்ணிய, நனைந்தால் கட்டியாகும் பென்டோனைட் களிமண். பாரம், தூசி என்ற குறை இருக்கிறது. மலசலகூடத்தில் கொட்டினால் தொடர்மாடிக் குழாயையே அடைத்துவிடும். சோயாவில் செய்த டோஃபு மணல் பாரமில்லாதது, தூசியும் குறைவு, ஆனால் எங்கள் ஈரக் காற்றில் பையைத் திறந்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா மணிகள் காற்றிலிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சுவதால் இங்கே சீக்கிரம் தீர்ந்துபோகும், சில பூனைகளுக்கு அந்தக் கரகரப்பும் பிடிக்காது. மொறட்டுவைப் பக்கம் தளபாடப் பட்டறைகளில் மரத்தூள் மலிவாகக் கிடைக்கும். காலில் ஒட்டி வீடெல்லாம் பரவும் என்றாலும், மருந்தடிக்காத மரத்தின் தூளென்றால் பாவிக்கலாம். கடற்கரை மணலை அள்ளிவர நினைக்க வேண்டாம். அது சட்டப்படி அனுமதி வேண்டிய காரியம். உப்பு மணல் காயவும் மாட்டாது.

பூனையையே தெரிவு செய்ய விடுவதுதான் சரியான வழி. இரண்டு பெட்டியில் இரண்டு வகை மணலைப் போட்டு ஒரு கிழமை பாருங்கள். எதில் அதிகம் தோண்டிப் புதைக்கிறதோ அதுவே உங்கள் மணல். பெட்டியின் விளிம்பில் ஏறி நின்றுகொண்டு, காலை மணலில் வைக்காமல் போய்விட்டு, சுவரைச் சுரண்டிவிட்டு ஓடினால் அதற்கு அந்த மணல் பிடிக்கவில்லை. வகையை மாற்றும்போது ஒரேயடியாக மாற்றாமல் பழையதோடு கலந்து கலந்து மாற்றுங்கள். எதைப் பாவித்தாலும் தினமும் அள்ள வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அள்ளுவது மற்றவர் வேலை.

பெட்டியைத் திருத்தியும் பழைய இடத்திலேயே போனால் அங்கே மணம் மிஞ்சியிருக்கிறது. பூனை மூத்திரத்திலிருக்கும் யூரிக் அமிலம் தண்ணீரில் இலகுவில் கரையாது. காய்ந்து கிடந்துவிட்டு, காற்றில் ஈரம் ஏறும்போது திரும்ப மணக்கும். மழை நாளில் வீடு திடீரென்று நாறுவது இதனால்தான். கொழும்பில் ஈரம் இறங்குகிற நாளே குறைவு என்பதால் மேலோட்டமாகத் துடைத்து எந்தப் பயனும் இல்லை. நொதியம் (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவம் வாங்க முடிந்தால் அதுதான் சிறந்தது. தெளித்துத் துடைத்துவிடாமல், பொலித்தீனால் மூடிச் சில மணித்தியாலம் ஈரமாக வைத்திருக்க வேண்டும். காய்ந்தால் நொதியம் வேலை செய்யாது. மலிவான வழியும் உண்டு. முதலில் பழைய பத்திரிகையை வைத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள். நொதியம் சேர்ந்த சலவைத்தூளை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீரில் கரைத்துக் கழுவி, பிறகு வெறும் தண்ணீரால் கழுவுங்கள். காய்ந்தபின் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தெளியுங்கள். துணியின் மறைவான இடத்தில் சாயம் போகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

டெட்டோல் ஊற்றாதீர்கள். அதிலுள்ள பீனோல் வகைப் பொருள் பூனைக்கு நஞ்சு. காலில் பட்டு நக்கினாலே வாய் புண்ணாகும். குளோரீனை நேரே மூத்திரத்தின் மேல் ஊற்றினால் கிளம்பும் புகை உங்களுக்கே கெடுதல். அமோனியா கலந்த திரவமோ பூனைக்கு மூத்திரம் போலவே மணந்து வா என்று கூப்பிடும். தரை ஓடு இலகு, ஓடுகளுக்கிடையிலான சாந்துதான் உறிஞ்சி வைத்திருக்கும். அங்கே பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். தும்பு மெத்தைக்குள் இறங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். அதற்குச் செலவழிக்கும் திரவக் காசில் பாதி மெத்தை வாங்கலாம்.

சுவரில் பீச்சுகிற கடுவனுக்கு இவ்வளவும் தேவையில்லை. நலமெடுக்காத, அதாவது விதை எடுக்காத கடுவன் என்றால் நேரே சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். செய்த கடுவன்களில் பத்துக்கு ஒன்பது பீச்சுவதை நிறுத்திவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துவிடும். மூத்திரத்தின் அந்தக் கடும் நாற்றமும் தணியும். ஓமோன் இறங்கச் சில கிழமைகள் எடுக்கும், உடனே நிற்கவில்லை என்று சோர்ந்துவிட வேண்டாம். பழக்கம் ஊறமுன் செய்வது நல்லது. ஐந்து ஆறு மாதத்திலேயே செய்யலாம். பெட்டைப் பூனையும் வேட்கைக் காலத்தில் பீச்சும், அதற்கும் இதே வழி. ஒருதரம் செலவழித்தால் முடிகிற காரியம் என்பதால் எல்லா வழிகளிலும் காசுக்கு அதிகம் பெறுமதி தருவது இதுதான். ஆனால் குந்தியிருந்து மெத்தையில் போகிற, ஏற்கனவே சத்திரசிகிச்சை செய்த பூனைக்கு இதில் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார் என்பதற்காகப் பெட்டிப் பிரச்சினைக்குக் கத்தியைத் தேடுவது வீண்.

சத்திரசிகிச்சை செய்த பிறகும் பீச்சினால், அல்லது கிருமியோ கல்லோ இல்லாமலே சலப்பை அழற்சி திரும்பத் திரும்ப வந்தால், மனஅழுத்தத்தைக் குறைக்கும் வழிக்குப் போக வேண்டும். பக்கத்தில் தொடர்மாடி கட்டத் தூண் அடிக்கும் சத்தம், டிசம்பர் 31 இரவு வெடி, சித்திரை வருட வெடி, புதிதாக வந்த குழந்தை, கண்ணாடிக்கு வெளியே வந்து உட்காரும் ஊர்ப் பூனை. சத்தத்தை நிறுத்த உங்களால் முடியாது, ஆனால் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் கடதாசி ஒட்டலாம், அலுமாரிக்கு மேல் ஏறிப் படுக்க இடம் செய்யலாம், வெடி நாளில் உள்ளறையில் பெட்டியோடும் தண்ணீரோடும் விடலாம். விருந்தினரின் சூட்கேஸைக் கதவு சாத்திய அறையில் வைக்கலாம். தண்ணீர் அதிகம் உள்ளே போனால் மூத்திரம் நீர்த்து அழற்சி குறையும். வெறும் உலர் உணவு தின்னும் பூனைக்கு இது பெரிய உதவி. உப்பும் வெங்காயமும் உள்ளியும் போடாமல் அவித்த மீனின் தண்ணீரை உணவில் ஊற்றிக் கொடுங்கள். குழம்பு மீன் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும்.

பெலிவே போன்ற, பூனையின் முகச்சுரப்பு மணத்தைச் செயற்கையாகச் செய்து செருகியில் மாட்டும் கருவிகள் சில பூனைகளுக்கு உதவும். மாதாமாதம் நிரப்ப வேண்டும், காற்றோட்டமான கொழும்பு வீட்டில் மணம் நிற்பதும் குறைவு. மற்றதெல்லாம் செய்து காசு மிஞ்சினால் பாருங்கள் என்பதுதான் என் எண்ணம்.

வெளியே விடும் யோசனையை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வெள்ளவத்தையில் ஒரு பக்கம் காலி வீதி, மறுபக்கம் ரயில் பாதை. வெளியில் மற்றக் கடுவன்களோடு சண்டை பிடித்துவிட்டு வரும் பூனை வீட்டுக்குள் இன்னும் அதிகமாகக் குறி வைக்கும். மூத்திரத்தில் இரத்தம் வந்தாலும் உங்கள் கண்ணில் படாது. மீன் சந்தையில் கொண்டுபோய் விட்டுவிடுவதை ஒரு வழியாகப் பேசுகிறவர்களுக்கு: வீட்டில் வளர்ந்த பூனைக்கு அங்கே சாப்பாடு தேடத் தெரியாது, நாய்க்கு ஒதுங்கத் தெரியாது. இரண்டு பூனைகளுக்குள் தீராத பகை என்றால் ஒன்றுக்கு இன்னொரு வீடு தேடுவது நியாயமான தெரிவு. ஆனால் வாங்குகிறவரிடம் மூத்திரப் பழக்கத்தை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அவசரம் அதிகம், வீட்டுக்காரர் முற்பணத்தில் கழிப்பார் என்ற பயம் வேறு. கையில் காசு அளவாக இருந்தால் நான் சொல்லும் ஒழுங்கு இது. கடுவன் முக்கினால் வேறெதையும் யோசிக்காமல் வைத்தியரிடம். பீச்சுகிற, நலமெடுக்காத பூனையென்றால் சத்திரசிகிச்சை. மற்றெல்லாவற்றுக்கும் மூத்திரச் சோதனை, அதே கிழமையில் பெரிய பெட்டி ஒன்றை வீட்டுக்குள் வைப்பது, பழைய இடங்களை நொதியத்தால் கழுவுவது. இம்மூன்றும் சேர்ந்தே நடக்க வேண்டும்; ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பழக்கம் மாறாது. கழுவிய இடத்தில் சாப்பாட்டுக் கிண்ணத்தையோ படுக்கையையோ வையுங்கள். சாப்பிடும் இடத்தில் பூனை பொதுவாகப் போகாது. இரண்டு மாதத்துக்குப் பிறகும் மாறாவிட்டால் அதே வைத்தியரிடம் திரும்பிப் போய், பூனை எந்த நாளில், எங்கே, எவ்வளவு போனது என்று நீங்கள் குறித்துவந்த தாளைக் காட்டுங்கள். புளூவொக்செற்றின் போன்ற, பதற்றத்தைத் தணிக்கும் மருந்து அந்தக் கட்டத்தில்தான் வரும். பலன் தெரிய ஒரு மாதமளவு எடுக்கும், நிறுத்தும்போதும் வைத்தியர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகவே குறைக்க வேண்டும்.